பின்சீட்டில் படுத்துப் பார்த்த வண்டிகள்

கோவில்பதாகை,
செப்டம்பர் 8

மங்களத்துக்கு அண்ணன் அய்யாசாமி எழுதுவது.

உன் மகன் கிஷோர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டிக்கு முன்பதிவு செய்துவிட்டான். நடந்த தவறு இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நாற்பத்தொரு வருடம் ஜீப்புக்கும் லாரிக்கும் அடியில் மல்லாந்து கிடந்தவன் உன் அண்ணன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். எந்த வண்டி எந்த மேட்டில் நின்றுபோகும் என்று கேட்டுக்கொண்டு ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் என்னிடம் வந்திருக்கிறார்கள். என் தங்கையை மலையிலிருந்து இறக்கப்போகும் வண்டிக்கு மட்டும் என் யோசனை வேண்டாமாம்.

அவன் பதிந்திருப்பது பார்க்க உயரமான வண்டி. கூரையில் கண்ணாடி, திறந்தால் வானம் தெரியும். முன்சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுக்கும். பின்சக்கரம் இரண்டும் விருந்துக்கு வந்த மாதிரி கூடவே உருண்டு வரும். சேக்காட்டில் அவனுடைய அடுக்ககத்து வாசலிலேயே பிடித்துக் கேட்டேன்.

"இன்னாடா வாங்கிக் கீற?"

"எஸ்யூவி மாமா. நல்ல உயரம்."

"ஒசரமா இருந்தா மலை ஏறிடுமா? அப்போ உங்க அபார்ட்மென்ட் தண்ணி டாங்கியும் ஏறும்."

அவன் சிரிக்கவில்லை. "அம்மா குலுங்காம வரணும் மாமா. எனக்கு அதான் முக்கியம்" என்றான். சொல்லிவிட்டு, தெருவில் நின்ற என் ஜீப்பை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாதது போல வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜமுனாமரத்தூர் தாண்டித் தார் முடிந்த பிறகு உன் வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் செம்மண். நடுவில் பாலமில்லாத ஓடை. உருட்டுக்கல் மேல் நான்கு சக்கரமும் பிடித்து இழுக்க வேண்டும். லோ கியர் வேண்டும். அது இருந்தால்தான் வண்டி துள்ளாமல் நடை நடையாகப் போகும். இதை அவனுக்கு யார் சொல்வது? நீ சொல். பதிவை ரத்து செய்யச் சொல். உங்கள் ஊரில் போன் எடுக்காது. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ அழுவாய். அதனால் எழுதுகிறேன்.

கால் மரத்துப்போவது எதுவரை வந்திருக்கிறது? மறைக்காமல் எழுது.

அய்யாசாமி


ஆலங்கொல்லை,
செப்டம்பர் 13

அண்ணா,

குப்புறப் படுத்து, தலையணை மேல் அட்டை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் திட்டாதே.

மரப்பு கணுக்கால் வரை வந்திருக்கிறது. இடது காலில் செருப்பு கழன்றால் தெரிவதில்லை. நேற்று ஒற்றைச் செருப்போடு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தமிழரசு, "டீச்சரம்மா, இன்னொண்ணு எங்க?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் பள்ளி விடுதியில் இவனுக்கும் இவன் தம்பிகளுக்கும் சோறு ஆக்கிப் போட்டவள், இன்னும் டீச்சரம்மாதான். திருத்துவதை விட்டுவிட்டேன்.

கிஷோர் ஸ்கேனைக் காட்டி டாக்டரிடம் கேட்டிருக்கிறான். முதுகில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறதாம். அறுவைக்கு நவம்பரில்தான் இடம். அதுவரை படுத்தே இருக்க வேண்டும். கீழே வருவது ஒரே ஒரு பயணம், அதுவும் நீட்டிப் படுத்தபடி, குலுங்காமல். மரப்பு முழங்காலைத் தாண்டிவிட்டால் நாள் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தாமதித்தால் கால் திரும்பி வராது. டாக்டர் சொன்னதை அவன் அப்படியே எழுதி அனுப்பியிருந்தான், கூட்டாமல் குறைக்காமல்.

ஆம்புலன்ஸ் தார் முடியும் இடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து இந்த ஊர்க்காரர்களைத் துணித்தூளியில் தூக்கிப் போவார்கள். எனக்கு முதுகு வளையவே கூடாதாம். வாடகை வண்டிக்காரர்கள் ஓடையைப் பார்த்ததும் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆகஸ்டில் ஸ்கேன் எடுக்கக் கீழே வந்தபோது எனக்கு வலி மட்டும்தான் இருந்தது. மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நீதான் ஜீப்பில் கொண்டுவந்து விட்டாய். அதற்கு மறுநாள் காலையில்தான் கால் மரத்தது. கிஷோர் உன்னோடு சரியாகப் பேசாமல் இருப்பது அதனால். நான் இதற்கு மேல் எழுதவில்லை.

நீ சொல்வதும் வேண்டும், அவன் சொல்வதும் வேண்டும். ஓடையும் தாண்ட வேண்டும், குலுங்கவும் கூடாது. இரண்டும் உள்ள வண்டியை இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். பதிவை ரத்து செய்யச் சொல்லி அவனுக்கும் எழுதிவிட்டேன். ஓடையில் இப்போது முழங்கால் தண்ணீர்.

மங்களம்


கோவில்பதாகை,
செப்டம்பர் 24

மங்களத்துக்கு,

ஜீப்பைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. தட்டு தேய்வது வருடக்கணக்கில் நடப்பது. விஷயத்துக்கு வருகிறேன்.

அம்பத்தூர் தொடங்கிப் பூந்தமல்லி வரை ஏழு வண்டி பார்த்தாகிவிட்டது. ஷோரூம்காரர்கள் எல்லோரும் ஸ்டியரிங் முன்னால்தான் உட்காரச் சொல்கிறார்கள். உன்னை ஸ்டியரிங் முன்னாலா உட்கார வைக்கப்போகிறோம்? நான் பின்கதவைத் திறந்து, சீட்டை மடித்து, நீட்டிப் படுத்தேன். மார்பு மேல் ஒரு செம்புத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முத்தாபுதுப்பேட்டை பக்கம் ஏரியை ஒட்டி ஒரு மண் ரோடு இருக்கிறது. பள்ளம் மேடு எல்லாம் உன் ஊர் ரோட்டுக்குத் தம்பி. அதில் ஓட்டச் சொன்னேன். எந்த வண்டியில் எவ்வளவு தண்ணீர் சிந்துகிறது என்பதுதான் என் கணக்கு.

முதல் வண்டி என் ஜீப்பின் பேரன். எதையும் ஏறும். முதல் பள்ளத்திலேயே செம்பு காலி, சட்டை ஈரம், என் பல் செட் இடம் மாறியது. அடுத்தது தொட்டில் மாதிரி போனது. நான்கு சக்கரமும் இழுக்கும், எப்போது இழுக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்றாள் விற்கிற பெண். "கம்ப்யூட்டர் எங்க ஓடைய பாத்துக் கீதா?" என்று கேட்டேன். லோ கியர் இல்லை. வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ஓடைக் கல்லில் தட்டி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் பார்த்த நான்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏழாவது வண்டிக் கடையில் முகமது இஸ்மாயில் என்று ஒருவன்.

"பெரியவரே, இன்னா பண்றீங்கோ? எழுந்து ஒக்காருங்கோ!"

"நீ வண்டிய எடு நைனா. நான் படுத்துக்கினே வரேன்."

"சீட் பெல்ட்டு போடணும் பெரியவரே."

"படுத்துக் கீறவனுக்கு எங்க மாட்டுவ, கழுத்துலயா?"

கிஷோர் தூணுக்குப் பின்னால் போய் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனை யாரென்றே தெரியாதாம். ஆனால் வண்டி திரும்பி வந்தபோது செம்பில் இரண்டு விரல் அளவுதான் குறைந்திருந்தது. பின்னால் காயில் ஸ்பிரிங். மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏறுகிறது. கியருக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கியர். தள்ளினால் நான்கு சக்கரம், இன்னும் தள்ளினால் லோ கியர். நான் சொன்னதை உன் மகன் நம்பவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு அவனே படுத்து ஒரு சுற்று போய்வந்தான். இறங்கி, "ஓகே மாமா" என்றான். ஒரு மாதத்துக்குப் பிறகு முகம் சுளிக்காமல் மாமா என்றான்.

எட்டு வாரம் ஆகும் என்றான் இஸ்மாயில். விஜயதசமிக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்றேன். நம் வீட்டில் வண்டி என்று ஒன்று விஜயதசமி தவிர வேறு நாளில் வந்ததே இல்லை. அப்பா சைக்கிள் வாங்கியதும் அன்றுதான். உன் உயிரைச் சுமக்கிற வண்டியை ஏதோ ஒரு நாளில் எடுப்பேனா? மூன்று நாள் கடையிலேயே போய் உட்கார்ந்தேன். நான்காம் நாள், "சரி பெரியவரே, ஏற்பாடு பண்றேன்" என்றான். உட்கார்ந்தால் நடக்கும்.

அய்யாசாமி


ஆலங்கொல்லை,
செப்டம்பர் 29

அண்ணா,

செம்போடு நீ படுத்துக்கொண்டு போனதைத் தமிழரசுவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தால் முதுகு வலிக்கிறது, இனி இப்படியெல்லாம் எழுதாதே.

நவம்பர் 12 அறுவை என்று நாள் கொடுத்துவிட்டார்கள். மரப்பு கெண்டைக்கால் பாதிவரை. ஊசியால் குத்திப் பார்த்துப் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நேற்றுப் போட்ட கோட்டுக்கு மேலே இன்று ஒரு விரல்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. எட்டு வாரம் ஆகும் என்ற வண்டி எப்படி ஒரு வாரத்தில் வருகிறது?

மங்களம்


கோவில்பதாகை,
அக்டோபர் 14

மங்களத்துக்கு,

ஏமாற்றிவிட்டார்கள். வந்தது நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லை.

விஜயதசமியன்று காலை கடைக்குப் போனபோது வண்டியைப் பட்டுத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். துணியை விலக்கி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நானே பூசணிக்காய் உடைத்தேன். ராகு காலத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. கிளம்பு கிளம்பு என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அதே நிறம், அதே பெயர், அதே சீட்டு. பத்து நாள் தார் ரோட்டில் ராஜா மாதிரி ஓடியது.

நேற்று முன்தினம் நல்ல மழை. ஓடைக்குப் பழக்கிப் பார்க்கலாம் என்று முத்தாபுதுப்பேட்டை ஏரிக்கரைச் சேற்றில் இறக்கினோம். கிஷோர் ஓட்டினான், நான் வெளியே நின்றேன். பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி என் முகத்தில் அடித்தன. முன்சக்கரம் இரண்டும் அசையவில்லை. குட்டி கியரைத் தள்ளுடா என்று கத்தினேன். அவன் தலையை வெளியே நீட்டி, "எது மாமா?" என்றான். உள்ளே எட்டிப் பார்த்தேன். குட்டி கியர் இருக்க வேண்டிய இடத்தில் சில்லறை போட ஒரு குழி இருந்தது. அதில் பூசைக் குங்குமப் பொட்டலம் இருந்தது. அதை அங்கே வைத்ததும் நான்தான்.

அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோக வேண்டிய தண்டே கிடையாது.

கடைக்காரன் மேல் வழக்குப் போட வேண்டும். கிஷோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். இங்கிலீஷ் படித்தவன், காகிதத்தைப் படிக்க வேண்டாமா? வண்டி பதிவாகிவிட்டதால் திரும்ப வாங்க மாட்டார்களாம். நான்கு சக்கர வண்டி நவம்பர் கடைசியில்தான் வருமாம். காட்சிக்கு வைத்திருக்கிறதையாவது ஒரு நாள் கொடு என்றேன். ஊரைத் தாண்ட அனுமதி இல்லையாம்.

நீ பயப்படாதே. என் ஜீப் இருக்கிறது. பின்னால் இரண்டு மெத்தை போட்டு, மெதுவாக ஓட்டி வருகிறேன்.

அய்யாசாமி


ஆலங்கொல்லை,
அக்டோபர் 20

அண்ணா,

உன் ஜீப்பில் நான் ஏற மாட்டேன். மெத்தை போட்டாலும் ஏற மாட்டேன்.

ஆகஸ்டில் தார் முடிந்த இடத்திலேயே மெதுவாகப் போ என்றேன். ஓடையில் மறுபடி சொன்னேன். ஏற்றத்தில் நிறுத்து என்று கத்தினேன். "இந்த ரோடு எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றாய். இரண்டு மாதமாக இதை எழுதாமல் வைத்திருந்தேன். எழுதாமல் இருந்தது உனக்காக இல்லை. எழுதினால் நீ எனக்காக ஓடுவதை நிறுத்திவிடுவாயோ என்ற பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிஷோர் பஸ் பிடித்து வந்தான். ஓடையை இடுப்புத் தண்ணீரில் நடந்தே தாண்டி வந்தான். கடையில் நடந்ததை அவன் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்து பார்த்தது போல இருந்தது.

"பெரியவரே, நீங்க பாத்த வேரியன்ட் அந்த தேதிக்கு வராது. யார்டுல நிக்கிறத வேணா தரேன். அதே வண்டி, அதே கலரு. ஆனா..." என்று அந்த இஸ்மாயில் இழுத்திருக்கிறான்.

"ஆனா ஆவன்னாலாம் வேணாம். விஜயதசமிக்கு நிக்குமா நிக்காதா?" என்று நீ கேட்டிருக்கிறாய்.

கிஷோர், "மாமா, அவர் சொல்றத முழுசா கேட்டுக்கலாம்" என்றானாம். "நீ வாய மூடு, ஏற்கெனவே நீ ஒரு வண்டி புக் பண்ண லட்சணம் தெரியும்" என்றாயாம்.

காகிதத்தில் இரண்டு சக்கரம் என்று தெளிவாகப் போட்டிருந்ததாம். அவன் படித்திருக்கிறான். உன்னிடம் சொல்ல வாயெடுத்தான், நீ பூசணிக்காயோடு நின்றாயாம். சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு ரகளை நடந்திருக்கும், பத்து நாள் முன்னாலேயே தெரிந்திருக்கும். அதற்காக அவனையும் திட்டினேன். உனக்குப் பயந்து அவன் வாயை மூடினான், நாளுக்குப் பயந்து நீ கண்ணை மூடினாய். போனது என் கால்.

ஏழு வண்டியில் படுத்துப் பார்த்தவன், வாங்கிய வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுக்கவில்லையே அண்ணா!

கிஷோரின் அடுக்ககத்தில் ரகுநாதன் என்று ஒருவர் இருக்கிறாராம். கோயம்புத்தூர்க்காரர். நீ ஏழாவதாகப் பார்த்த அதே வண்டி, நான்கு சக்கரமும் இழுப்பது, அவரிடம் இருக்கிறதாம். கிஷோர் போய்க் கேட்டிருக்கிறான். "உங்க மாமா வந்து கேக்கட்டும் தம்பி" என்றாராம். ஆயுத பூசையன்று கார் நிறுத்துமிடத்தில் எல்லார் முன்னாலும் அவரை நீ என்ன சொன்னாய் என்று கிஷோர் சொன்னான். "வாரத்துக்கு ரெண்டு தபா ஷாம்பூ போட்டு குளுப்பாட்டற வண்டிக்கு நாலு வீலு எதுக்கு சார்? நாய் வாங்கிக்கலாமே?"

போய்க் கேள். நீயே போய்க் கேள்.

கோடு முழங்காலுக்கு நான்கு விரல் கீழே இருக்கிறது.

மங்களம்


கோவில்பதாகை,
அக்டோபர் 28

மங்களத்துக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே பதில் எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துவிட்டேன். அதில் உன்னைத் திட்டியிருந்தேன்.

நேற்று ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏரி ரோட்டுக்குப் போனேன். தெரிந்த டிரைவர் ரவிச்சந்திரனை ஓட்டச் சொல்லிவிட்டு, மெத்தை போட்டு, செம்போடு பின்னால் படுத்தேன். நாற்பத்தொரு வருடத்தில் அந்த ஜீப்பில் நான் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பள்ளம் வருவதற்குள்ளேயே செம்பு காலி. இரண்டாவது பள்ளத்தில் என் முதுகு மெத்தையை விட்டு எழும்பி இரும்பில் விழுந்தது. நிறுத்து என்றேன். என்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கத்தினேன். "இன்னாண்ணே, இந்த ரோடு எனக்கு தெரியாதா?" என்றான்.

வீடு வரைக்கும் நடந்தே வந்தேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீயும் கேட்காதே.

ரகுநாதன் விஷயம். மூன்று நாளாகச் சேக்காட்டுக்குப் போகிறேன். வாசலில் செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும் பெரியவரே?" என்கிறான். கிஷோரை என்கிறேன். கிஷோர் வீட்டில் உட்கார்ந்து உன் மருமகள் சுவேதா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். அந்த வீடு இரண்டாம் மாடி, ரகுநாதன் வீடு மூன்றாம் மாடி. பதினெட்டுப் படி. எண்ணி வைத்திருக்கிறேன்.

அவரிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டுதான் போகிறேன். முதல் படியிலேயே மறந்துபோகிறது. எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை. என்னிடம்தான் எல்லாரும் கேட்பார்கள்.

இங்கே விடாமல் மழை. டிவியில் திருவண்ணாமலை மாவட்டம் என்று சொன்னால் சத்தத்தைக் கூட்டுகிறேன். ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று எழுது.

அய்யாசாமி


ஆலங்கொல்லை,
நவம்பர் 3

அண்ணா,

நேற்றுக் காலையில் விழுந்துவிட்டேன். படுக்கையிலிருந்து எழுந்து கால் ஊன்றினேன், அங்கே கால் இல்லாத மாதிரி இருந்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஊசி முழங்காலுக்கு மேலே போன பிறகுதான் தெரிகிறது. ஜமுனாமரத்தூர் டாக்டர் நடந்தே வந்து பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் தேதி வரை காத்திருக்காதீர்கள் என்று சொல்லிப்போனார்.

தமிழரசு இதை எடுத்துக்கொண்டு இறங்குகிறான். முதலில் கிஷோருக்குப் போன் செய்வான், பிறகு இதை ஸ்பீடு போஸ்டில் போடுவான். செய்தி உனக்குக் கிஷோர் மூலம் தெரிந்திருக்கும். ஆனாலும் நானே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

முந்தாநாள் ஓடையில் மார்பளவு, இன்று இடுப்பளவு. இரண்டு நாள் மழை விட்டால் தொடைக்கு இறங்கும். மறுபடி பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்துக்கு ஒன்றும் வராது.

நான் உன்மேல் கோபமாக இல்லை. கோபப்பட நேரமில்லை. பதினெட்டுப் படி ஏறிவிடு.

மங்களம்


கோவில்பதாகை,
நவம்பர் 5, மாலை

மங்களத்துக்கு,

ஏறினேன்.

ரகுநாதன் கதவைத் திறந்தார். மனப்பாடம் செய்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "சார், உங்க வண்டி வேணும்" என்றேன்.

"எந்த வண்டிங்க? நாய் வாங்கிக்கலாம்னு சொன்னீங்களே, அதுங்களா?"

"அதான் சார்."

நான் அன்று சொன்னது தப்பு என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மூடட்டும் என்று காத்திருக்கவில்லை, மீதியையும் சொன்னேன். உன் காலைப் பற்றி, ஓடையைப் பற்றி, ஜீப்பைப் பற்றியும்.

"வண்டியைத் தரமாட்டேனுங்க" என்றார். நான் படிப்பக்கம் திரும்பினேன். "நானே ஓட்டிட்டு வர்றேன். என் வண்டி என் கைக்குத்தான் கேக்கும்."

கீழே கூட்டிப்போய்ச் சாவியை நீட்டி, பாருங்கள் என்றார். சாவியை வாங்கவில்லை. அடியில் படுத்துப் பார்த்தேன். முன்பக்கத் தண்டு இருக்கிறது. வயிற்றுத் தகடு முழுக்கக் கல் உரசிய தழும்பு. ஏலகிரிக்குப் பின்னால், கொல்லிமலைக்குப் பின்னால் என்று நண்பர்களோடு எங்கெங்கோ இறக்கியிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்டியது சேறு போகத்தான்.

நாளை மறுநாள், ஏழாம் தேதி விடியற்காலையில் அவரும் கிஷோரும் புறப்படுகிறார்கள். பூந்தமல்லியிலிருந்து போளூர் போகிற பஸ்ஸின் கண்டக்டர் பார்த்தசாரதி எனக்குத் தெரிந்தவர். அவர் கையில் இதைக் கொடுக்கிறேன். போளூரில் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் சேர்த்துவிடுவார். தமிழரசு நாளை மதியம் வாங்கிக்கொள்வதாகக் கிஷோரிடம் போனில் சொல்லியிருக்கிறான். இதை அவனிடம் சத்தமாகப் படித்துக் காட்டு. யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

தமிழரசு ஓடையில் இறங்கி, பாறை கெட்டியாக இருக்கும் தடத்துக்கு இரண்டு பக்கமும் மூங்கில் நட வேண்டும். மூங்கிலில் தொடை உயரத்துக்குச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். தண்ணீர் துணிக்கு மேலே இருந்தால் வண்டியை இறக்க விடக் கூடாது. யார் சொன்னாலும் விடக் கூடாது. கிஷோர் கெஞ்சினாலும்.

அவனே நான்கு ஆளைச் சொல்லி வைக்க வேண்டும். உன் வீட்டுப் பின்கதவைக் கழற்றி, அதன்மேல் உன்னைப் படுக்க வைத்துத் தூக்கி வண்டிக்குள் வைக்க வேண்டும். தூளி வேண்டவே வேண்டாம். கதவை வண்டியிலேயே விட்டுவிடலாம், ஆஸ்பத்திரி வரை அதே பலகைதான். உன் வீட்டுக்கு வேறு கதவு நான் செய்து தருகிறேன்.

ரகுநாதன் தார் முடிகிற இடத்தில் நிறுத்தி, குலுக்கல் குறைய டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இதை நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். லோ கியரில் போட்டுவிட்டு ஓடை முடியும் வரை கியரைத் தொடக் கூடாது. இதையும் அவரே சொன்னார். ஆகவே அவருக்கு நான் எழுத ஒன்றுமில்லை.

கிஷோர் பின்னால் உன் தலைமாட்டில் உட்கார வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. உன் முகத்தைப் பார்க்க வேண்டும். நீ முகம் சுளித்தால், நீ சொல்வதற்குள் அவன் சொல்ல வேண்டும். இந்த முறை அவன் வாயை மூடக் கூடாது. அவனிடமே சொல்லிவிட்டேன், ரகுநாதன் முன்னால்.

சுவேதா காகிதம், ஸ்கேன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மதியமே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்கையை உறுதி செய்ய வேண்டும். பன்னிரண்டாம் தேதி என்று காகிதத்தில் இருக்கிறது, ஏழாம் தேதியே வருகிறோம் என்று டாக்டரிடம் பேசிவிட்டாள். மறுபடியும் பேச வேண்டும்.

நீ காலையில் கஞ்சி மட்டும் குடி. கோழிகளைத் தமிழரசு பார்த்துக்கொள்வான், அதைப் பற்றி வழியில் பேசாதே. வலித்தால் சொல். வலிக்காவிட்டாலும் ஓடையில் ஒரு முறை, ஏற்றத்தில் ஒரு முறை நிறுத்தச் சொல்லிப் பார். நிற்கிறதா என்று உனக்கே தெரியட்டும்.

நான் வரவில்லை. சீட்டை மடித்து உன்னைப் படுக்க வைத்தால் வண்டியில் ஓட்டுகிறவருக்கும் கிஷோருக்கும்தான் இடம். நான்கு மணியிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். வண்டி வந்ததும் கதவுப் பலகையின் கால்பக்கத்தைப் பிடிப்பேன். எந்த வழியாக வந்தீர்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று நான் ஒருவரையும் கேட்கக் கூடாது.

அய்யாசாமி